பிடி அரிசி

அரிசித் தூக்குவாளி காலியாக இருந்தது.

மிக்கேலம்மாள் அதைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து அரிசி அடுப்படித் தரையில் விழுந்தது.

“மாசம் பூரா போட்ட அரிசி எங்கடி?”

பிலோமினா உலையைப் பார்த்தபடி நின்றாள். தண்ணீர் கொதித்துவிட்டது. அளந்த அரிசி கையில் இருந்தது. போடுவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

“உன்னத்தான் கேக்குறேன்!”

“எலியா இருக்கும் அத்தை,” என்றாள் லின்சி. இளைய மருமகள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “வந்து, மூடியத் தொறந்து, தின்னுட்டு, மறுபடி மூடி வெச்சிட்டுப் போயிருக்கும். நம்ம வீட்டு எலி ரொம்பப் பதவிசு.”

அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். உலையில் போடுமுன் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு பூசையில் அதைப் பீடத்தின் முன் காணிக்கையாக வைப்பார்கள். முதியோர் இல்லத்துக்குப் போகும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பிடி கொஞ்சம் பெரிதாக இருக்கும். மிக்கேலம்மாள் வீட்டுத் தூக்கு எப்போதும் நிறைந்துதான் கோயிலுக்குப் போகும். ஐப்பசிக்குப் பிறகு அது பாதியானது. இந்த மாதம் ஒன்றுமே இல்லை.

“ஆண்டவருக்கு எடுத்து வெச்சதுடி! உங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பினியா?”

“இல்லத்த.”

“அப்ப வித்தியா?”

மரியசூசை கைலியை இறுக்கிக்கொண்டு உள்ளே வந்தான். மூத்த மகன். பிலோமினாவின் கணவன். அந்தத் தெருவின் கிறிஸ்தவ வீடுகள் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு அவன்தான் தலைவன். அன்று மாலை அன்பியக் கூட்டம் இவர்கள் வீட்டில். பத்து வீட்டு ஜனம் வரும். ஞாயிறு பூசைக்குச் சேர்க்க எல்லோரும் அவரவர் அரிசியைக் கொண்டுவருவார்கள்.

“எங்க போச்சு?” என்றான்.

“குடுத்துட்டேங்க.”

“யாருக்கு?”

அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அரிசியை உலையில் போட்டாள்.

“பாரு... பாரு அவ திமிர!” மிக்கேலம்மாள் தூக்கைத் தரையில் வைத்தாள். “என் மாமியா காலத்துலேர்ந்து இந்த வீட்டுல இப்படி ஒரு அவமானம் வந்ததில்ல. கோயில் அரிசியத் திருடி...” அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சூசை வெளியே போய்விட்டான். திருட்டு என்ற சொல்லை அவன் மறுக்கவில்லை.

*

ஐப்பசியில் குறுவை அறுத்தார்கள். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லோரையும் போல இவர்களும் வாய்க்கால் ஓரத்துத் தார்ச்சாலையில் நெல்லைக் காயப்போட்டார்கள். வண்டிகள் ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்தார்கள். பிறர் எடுத்துவிடக் கூடாதென்று, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை கொழுந்தன் ஜோஸ்வா அந்தக் கற்களில் பூசியிருந்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை கூடியது. அவசரமாக நெல்லை அள்ளினார்கள். பிலோமினா கல்லை எடுக்கக் குனிந்தாள்.

“இருக்கட்டும்,” என்றான் சூசை. “எடுத்தா நாளைக்கு நம்ம எடத்துல வேற எவனாவது கொட்டிடுவான்.”

“இருட்டிடும்ங்க. விளக்கு கூட இல்ல.”

“வான்னா வா.”

நெல் இல்லாத சாலையில் கற்கள் வரிசையாக இருந்தன.

வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் திருமுருகன் தஞ்சாவூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை முடிந்து பைக்கில் வந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. பைக் கல்லில் மோதி விழுந்த சத்தத்தை பிலோமினா அடுப்படியிலிருந்து கேட்டாள். அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மறுநாள் விடியுமுன் சூசை போய்க் கற்களை வாய்க்காலில் தள்ளினான். பிலோமினா பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் டீக்கடையில் யாரோ, திருமுருகன் எப்படி விழுந்தான் என்று கேட்டார்கள்.

“குடிச்சிருப்பான்,” என்றான் சூசை.

அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். திருமுருகன் குடிப்பவன் இல்லை. அவன் மனைவி அனுசுயா வாசல் வாசலாக அதைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பிலோமினா சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டாள். சொல்ல வாய் வரவில்லை. தன்னுடைய பாவமா, அவனுடையதா என்று பிரிக்கத் தெரியாமல் எழுந்து வந்தாள்.

அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவள் எடுக்கக்கூடியது அந்த ஒரு பிடி மட்டும்தான். அதைத்தான் எடுத்தாள். வாரம் ஒருமுறை துணிப்பையில் கட்டி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, அனுசுயாவின் கூரை வீட்டுக்குக் கொண்டுபோனாள். தை கடைசியில் தண்ணீரை நிறுத்தியதும் வாய்க்கால் வற்றியது. காய்ந்த ஆகாயத்தாமரைக்கு அடியில் நீலம் தெரிந்தது. போகும்போதெல்லாம் இறங்கிக் காலால் சருகைத் தள்ளி மூடிவிட்டுப் போனாள்.

*

மாலை கூடத்தில் பாய் விரித்தார்கள். மெழுகுவத்தி ஏற்றி, பாட்டுப் பாடி, வாசகம் வாசித்தார்கள். அரிசிப் பைகள் மாதா படத்தின் கீழ் வரிசையாக இருந்தன. வீட்டுக்காரர்களின் பை இல்லை என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பால் சொசைட்டியில் லின்சி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

மன்றாட்டு நேரம் வந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மழைக்காக, நோயாளிகளுக்காக, படிக்கிற பிள்ளைகளுக்காக.

சூசை கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: “எங்க வீட்டுல, ஆண்டவருக்கு உரியதை எடுத்த கைக்காக... அந்தக் கையை அவர் மன்னிக்கணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றார்கள்.

பிலோமினாவும் சொன்னாள். அவள் குரல் தனியாகக் கேட்டது.

வாசலில் கேட் திறக்கும் சத்தம். அனுசுயா நின்றாள். கையில் அந்தத் துணிப்பை.

“உள்ள வாம்மா,” என்றாள் பாத்திமா மேரி. அன்பியத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள்.

“இருக்கட்டுங்க.” அனுசுயா படியிலேயே நின்றாள். வயல் வேலையில் பிளந்த கால்விரல்களில் மஞ்சள் பூசியிருந்தாள். “சொசைட்டியில பேசிக்கிட்டாங்க. பிலோமி அக்கா கோயில் அரிசியத் திருடிட்டாங்கன்னு. அவங்க திருடலைங்க. எனக்குத்தான் குடுத்தாங்க. அஞ்சு மாசமா. இந்தாங்க, இதுல கொஞ்சம் வடிச்சிட்டேன். மிச்சம் இருக்கு.”

அனுசுயா பையை நீட்டினாள்.

“ரேஷன் அரிசிக் கஞ்சி அவருக்கு வயித்துல நிக்கல. நான் யார்ட்டயும் கேக்கல. இவங்களாத்தான் வந்தாங்க. ஏன்க்கா எனக்குன்னு கேட்டா அழுவாங்க, சொல்ல மாட்டாங்க. ஊரே குடிகாரன் பொண்டாட்டிங்குது... இவங்க ஒருத்தங்கதான் வாசல்ல வந்து திருமுருகன் எப்படியிருக்காருன்னு பேரச் சொல்லிக் கேப்பாங்க. அவங்களப் போயி...”

பாத்திமா மேரி எழுந்துவிட்டாள். “புண்ணியவதிம்மா நீ! நாங்கள்லாம் பைய வரிசையா வெச்சிட்டு உக்காந்திருக்கோம். நீதான் ஆண்டவர் கையில நேரா குடுத்திருக்க.”

மிக்கேலம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மருமகளைக் கட்டிக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. “வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, என் தங்கமே! நான் பாவி... காலையில என்னென்ன பேசிட்டேன்!”

லின்சியும் கண்ணைத் துடைத்தாள். “எலின்னு சொன்னேன்க்கா... மன்னிச்சுடுங்க.”

பிலோமினா மாமியாரின் தோளுக்கு மேல் சூசையைப் பார்த்தாள். அவன் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஜோஸ்வா தலையைத் தொங்கப்போட்டிருந்தான்.

அவள் காத்திருந்தாள்.

“விடுங்கத்த,” என்றாள். மாமியாரின் கைகளைத் தானே எடுத்துவிட்டாள். “என்னைப் புண்ணியவதின்னு சொல்லாதீங்க.”

“ஏன்டி?”

“அவரு குடிக்கல. ரோட்டுல கல்லு இருந்துச்சு. நெல்லுக்கு அண்டை வெச்ச கல்லு. எங்க வீட்டுக் கல்லு.” அவள் நிறுத்தினாள். மறுபடி சூசையைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. “நான்தான் எடுக்காம விட்டேன். காலையில வாய்க்கால்ல தள்ளினதும் நான்தான்.”

“அண்ணி...” என்றான் ஜோஸ்வா. சூசை அவனை ஒரு பார்வை பார்த்தான். ஜோஸ்வா வாயை மூடிக்கொண்டான்.

அனுசுயா அசையாமல் நின்றாள்.

“அவரு குடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அஞ்சு மாசமாத் தெரியும்.”

“தெரியும் அனுசு.”

“அரிசி குடுத்ததுக்குப் பதிலா, அந்த ஒரு வார்த்தையக் குடுத்திருக்கலாமேக்கா...” பையைப் படியில் வைத்தாள். “இனிமே எங்க பக்கம் வராதீங்க.”

கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். போகும்போது அதன் நிறத்தைப் பார்த்தாள். வாய்க்கால் சருகுக்கு அடியில் தெரிந்த அதே நீலம்.

கூட்டம் பாட்டு இல்லாமல் கலைந்தது.

*

மறுநாளிலிருந்து மிக்கேலம்மாள் சமையலைத் தானே எடுத்துக்கொண்டாள். “ஒலையில கை வெக்காத,” என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளி வைத்தாள். கோயிலில் பிலோமினா உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சொசைட்டியில் பால் ஊற்றப் போனால் பேச்சு நின்றது. ஒருநாள் யாரோ அவள் காதுபட, “ஒரு ஆளைப் படுக்க வெச்சிட்டுக் கஞ்சி ஊத்தினாளாம்,” என்றார்கள்.

அதில் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் டீக்கடையில் திருமுருகனைக் குடிகாரன் என்று சொல்வது நின்றுவிட்டது. அதை ஜோஸ்வா வந்து சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனான்.

உளுந்து வயலில் சூசை அவள் பக்கத்தில் வந்து நின்றான். செடியைப் பிடுங்கிக் காய் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

“நான் உன்னச் சொல்லச் சொன்னேனா?”

“இல்லைங்க. யாராவது ஒருத்தர் சொல்லியாகணும். குடிக்காத மனுசன்.”

“உன்னக் காறித் துப்புறாங்கடி!”

“துப்பட்டும். மழையில நெல்லு வீணாப்போனா மறுபடி நடலாம். அவரு காலு வருமாங்க?”

அவன் செடியைக் கீழே போட்டான். பிறகு வரப்பேறிப் போய்விட்டான். அவள் களையெடுத்து முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஊர்வலம். கோயிலிலிருந்து புறப்பட்டு, வாய்க்கால் ரோடு வழியாக ஊரைச் சுற்றி வரும். மரச்சிலுவையை சூசைதான் சுமப்பான். அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு அந்த உரிமை. பிலோமினா கூட்டத்தின் கடைசியில், கொஞ்சம் இடைவெளி விட்டு வந்தாள்.

வாய்க்கால் திருப்பத்தில் எப்போதும், இயேசுவின் பாடுகளில் ஒன்றைச் சொல்லும் ஒரு நிலைக்கு நிற்பார்கள். நின்றார்கள். பாத்திமா மேரி கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள்.

“இயேசு இரண்டாம் முறை கீழே விழுகிறார்.”

எல்லோரும் தார்ச்சாலையில் முழந்தாளிட்டார்கள். சூசை முழந்தாளிடவில்லை. சிலுவை தோளிலேயே இருந்தது. வாய்க்காலைப் பார்த்தபடி நின்றான்.

“அண்ணே, மண்டி போடு,” என்றான் ஜோஸ்வா மெதுவாக.

“இதப் புடி.”

சிலுவையைத் தம்பியின் தோளில் வைத்தான். செருப்பைக் கழற்றினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் இறங்கினான். காய்ந்த சருகை இரண்டு கையாலும் விலக்கினான். சேற்றில் புதைந்திருந்த கல்லை ஆட்டி எடுத்தான். மேலே கொண்டுவந்து சாலையில் வைத்தான். மறுபடி இறங்கினான்.

யாரும் எழவில்லை. பாத்திமா மேரி புத்தகத்தை மூடிவிட்டாள்.

அன்று இருந்தது போலவே வரிசையாக வைத்தான். நாலாவது கல்லை வைத்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

“இது நான் வெச்சது,” என்றான். “அவ எடுத்துடலாம்னு சொன்னா. நான்தான் இருக்கட்டும்னேன். எடம் போயிடும்னு. விடியக்காலையில வாய்க்கால்ல தள்ளினதும் நான். குடிச்சிருப்பான்னு டீக்கடையில மொதமொதல்ல சொன்னதும் நான்தான்.”

சேற்றுக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அன்னிக்கி மன்றாட்டுல ஒரு கையச் சொன்னேன்... அது இந்தக் கை. அவ கை இல்ல.”

மிக்கேலம்மாள் முழந்தாளிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ, சூசை...” என்றாள். “அவளைச் சோத்துக்குக் கூட தூரமா வெச்சனேடா...” திரும்பிப் பார்த்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. வழியின் கடைசியில் பிலோமினா நின்றாள். அழவில்லை. கணவனின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிஞ்சல் கீறி ரத்தம் வந்திருந்தது.

சூசை பாலத்தைத் தாண்டி நடந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளும் போனாள். பின்னால் ஜோஸ்வா சிலுவையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அடுத்த நிலைக்குப் போவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

*

அனுசுயா வாசலில் குறுக்கே நின்றாள். சத்தம் எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

“எதுக்கு வந்தீங்க?”

“திருமுருகனப் பாத்துச் சொல்லணும்.”

“ஊர்ல சொல்லியாச்சில்ல.”

“அவர்ட்ட சொல்லலையேம்மா.”

“ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா?”

“காலையில போறேன்.”

“கேஸ் போடுவாங்க.”

“போடட்டும்.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “அனுசு... யாரு? நீலக் கேட்டு வீட்டுக்காரரா?”

அனுசுயா திரும்பினாள்.

திருமுருகன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தோள் இன்னும் வேலைக்காரனின் தோளாகவே இருந்தது. கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

“வெளிச்சத்துல நீலமாத்தான் தெரிஞ்சுது,” என்றான். “அப்புறம் ஒண்ணும் தெரியல.”

அனுசுயா கதவைப் பிடித்துக்கொண்டாள். “உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா... ஏன்யா எங்கிட்டகூடச் சொல்லல?”

“குடிகாரன்னு ஆனப்புறம் யாரு நம்புவா? உங்கிட்ட சொன்னா நீ அந்தக்கா கையால அரிசி வாங்க மாட்ட.” கொஞ்சம் நிறுத்தினான். “பசிச்சுது அனுசு.”

சூசை கட்டிலின் காலடியில் உட்கார்ந்தான். கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். திருமுருகன் அவனைத் தேற்றவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்களா வருவீங்கன்னு இருந்தேன்,” என்றான் கடைசியில். “ரொம்ப நாள் ஆயிடுச்சு.”

பிலோமினா வெளியே மண் சுவரில் சாய்ந்து நின்றாள். வராதே என்று சொன்ன வாசல். அவள் உள்ளே போகவில்லை. வாய்க்கால் பக்கம் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. ஜோஸ்வாவின் குரலும் அதில் கேட்டது.

உள்ளே அனுசுயா சொன்னாள். “அழுதது போதும்ங்க. இவரப் பொரட்டிப் படுக்க வெக்கிற நேரம். முதுகெல்லாம் புண்ணு. நான் ஒருத்தியா இழுத்து இழுத்துத்தான் இப்படி ஆச்சு. எந்திரிங்க. இடுப்புக்கு அடியில கை குடுங்க.”

கட்டில் முனகியது. திருமுருகன் பல்லைக் கடிக்கும் சத்தம்.

“முடியல,” என்றான் சூசை.

அனுசுயா வாசலுக்கு வந்தாள். பிலோமினாவைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துச் சொன்னாள்.

“உள்ள வாங்கக்கா. ஆளு பத்தல.”

பிலோமினா செருப்பை வெளியே விட்டாள். குனிந்து உள்ளே போனாள். கட்டிலின் மறுபக்கம் நின்று, திருமுருகனின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்தாள். எலும்பும் ஈரத் துணியும் தட்டின. அப்புறம் சூசையின் கை. சேறு காய்ந்து சொரசொரவென்று இருந்தது. அவன் அதை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“இப்பத் தூக்குங்க,” என்றாள் அனுசுயா.